மூடாத தகடு

அத்தியாயம் ஐந்து

முதல் அடி ஜீப்பின் முன் கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவது அடி சடையனின் இடது தோளில் இறங்கியது.

சங்கராபுரத்தைத் தாண்டிக் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பும் வழி. இருபுறமும் கரும்பு ஆளை மறைக்கும் உயரத்தில் நின்றது. சாலைக்குக் குறுக்கே ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. யாரோ பாவம் விழுந்துவிட்டார்கள் என்று நினைத்துத்தான் சடையன் பிரேக்கை மிதித்தான். கரும்புக்குள்ளிருந்து இரும்புக் கம்பியோடு பாய்ந்து வந்தவனைப் பார்த்தால் விழுந்தவன் போலத் தெரியவில்லை.

மூன்றாவது அடிக்குச் சடையன் காத்திருக்கவில்லை. கதவை எட்டி உதைத்தான். அது வந்தவனின் முழங்காலில் போய் மோதியது. அவன் குனிந்த நேரத்தில் சீட்டுக்கு அடியிலிருந்த ஜாக்கி லிவரை உருவி, கம்பி பிடித்திருந்த கையில் ஓங்கி ஒரு போடு போட்டான். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. கம்பி தார்ச்சாலையில் விழுந்து உருண்டது.

வந்தவன் முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்கூட்டரை நிமிர்த்தினான். வலியில் வாயோரம் எச்சில் வழிந்தது. “மண்டபத்து மாடிக்கு ஏறுனீங்கன்னா ரெண்டு பேருக்கும் காலு இருக்காது” என்று சொல்லிவிட்டுத் தள்ளாடித் தள்ளாடி வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

பக்கத்து சீட்டில் இருந்த இசைவாணி, மடியில் சிதறிக் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி வெளியே போட்டாள். புருவத்துக்கு மேலே ஒரு கீறலில் ரத்தம் கசிந்தது. போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, பிடிக்காமல் வேலையை உதறிவிட்டு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள் அவள். சடையன் வெள்ளிமலைக்காரன். மலைப்பாதையில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தவனை ஜீப்போடு சேர்த்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

“தோளு எப்படி இருக்கு சடையண்ணே?”

“எடத்துலதான் இருக்குதும்மா. ஆனா அது இன்னிக்கு லீவுன்னு சொல்லிக்கினு இருக்குது.”

“அவன் சொன்னதக் கவனிச்சீங்களா? மண்டபத்துக்கு வராதீங்கன்னு சொல்லலை. மாடிக்கு ஏறாதீங்கன்னு சொன்னான்.”

“காலு போவுதுன்னு ஒருத்தன் சொல்றப்ப, எந்த எடத்துல போவுதுன்னா கேட்டுக்கினு இருப்பாங்க?”

இசைவாணி சிரிக்கவில்லை. “வண்டிய மண்டபத்துக்கே விடுங்க” என்றாள்.

ஆயம்மாள் மஹால் கள்ளக்குறிச்சி ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஏ.சி. கல்யாண மண்டபம். அதன் மொட்டை மாடியில்தான் போன மாதம் ஜெயப்பிரகாஷ் வெட்டுப்பட்டுச் செத்தான். அன்றைக்கு அவனுக்கே நிச்சயதார்த்தம். கீழே மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று கரண்ட் போனது. மண்டபத்து எலக்ட்ரீஷியன் சுபாஷ், ஏ.சி. மிஷினின் சுவிட்சை இறக்கி வைக்க மாடிக்கு ஓடினான். சட்டையெல்லாம் ரத்தத்தோடு அலறிக்கொண்டு இறங்கி வந்தான். இருட்டில் கால் தடுக்கியது, தூக்கிப் பார்த்தேன், ஜெயப்பிரகாஷ் அண்ணன் கழுத்து பிளந்து கிடந்தது என்றான். அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. முந்தின வாரம்தான் ஜெயப்பிரகாஷ் அவனை எல்லார் முன்னிலையிலும் கன்னத்தில் அறைந்திருந்தான். கூட்டம் சுபாஷை அங்கேயே அடித்து இரண்டு பல்லை உதிர்த்த பிறகுதான் போலீஸ் கையில் கொடுத்தது.

அவனைச் சிறைக்கு அனுப்பியது ஒரே ஒரு சாட்சி. செத்தவனின் அண்ணன், மண்டபத்து முதலாளி சிவசங்கர். கரண்ட் போனதும் மாடிப்படிப் பக்கமிருந்து தம்பியின் குரல் கேட்டது, ‘ஜெனரேட்டர் போடச் சொல்லுண்ணே’ என்று கத்தினான் என்று சொன்னார். அப்படியானால் அதுவரை தம்பி உயிரோடு இருந்திருக்கிறான். அதற்குப் பிறகு மாடிக்குப் போனவன் சுபாஷ் ஒருவன்தான். சிவசங்கர் கரண்ட் போனதிலிருந்து மேடையை விட்டு இறங்கவே இல்லை, ஊரே பார்த்தது. வெட்டிய ஆயுதம் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

சுபாஷின் அம்மா குஞ்சம்மாள், கரும்பு வெட்டும் கூலிக்காரி, இசைவாணியின் காலைப் பிடித்து அழுததில் தொடங்கியது இந்தத் துப்பு. அது இன்று காலை அவர்களை வெள்ளிமலை வரை கொண்டுபோனது. அங்கே சாமைக் கொல்லை ஓரத்தில் செவ்வந்தி என்ற பெண், நிறைமாத வயிற்றோடு, ஜெயப்பிரகாஷ் தன் கழுத்தில் கட்டிய தாலியை எடுத்துக் காட்டினாள். நிச்சயதார்த்தத்தன்று அவன் மலையிலிருந்து இறங்கும்போது, ‘இன்னிக்கி அண்ணங்கிட்ட சொல்லிடறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனானாம். சடையன் வழி நெடுகப் பேசாமல் ஜீப் ஓட்டி வந்தது அதனால்தான். தன் மலையில் பிறந்த பெண், இன்னும் பிறக்காத பிள்ளைக்கு அப்பா இல்லை என்பதை அழாமல் சொன்ன விதம் அவனை என்னவோ செய்திருந்தது.

மண்டபத்து வாசலில் பழைய இரும்புக் கடை லாரி நின்றது. அதில் கேஸ் கட்டர் சிலிண்டர்கள். ஆட்கள் எதிர்க்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாத்த அறுக்கப் போறீங்க?” என்று கேட்டான் சடையன்.

“மாடியில ஏ.சி. மிஷினு. நாலு நாளா சூடாக் காத்து வருதாம். மெக்கானிக்கு வந்து, டேம்பர்தான் மாட்டிக்கினு இருக்கும், தொறந்து பாக்கறேன்னானாம். மொதலாளி அவன வெரட்டி வுட்டுட்டு எடைக்குப் போட்டுட்டாரு. மத்தியானத்துக்குள்ள அறுத்து எடுத்துடணுமாம்.”

சடையன் திரும்பி இசைவாணியைப் பார்த்தான். அவள் கண்கள் மொட்டை மாடியில் நின்றன.

“ஒரு தகடு நகரலைன்னா யாராவது முழு மிஷினையும் எடைக்குப் போடுவாங்களாண்ணே?”

“எங்க மலையில ஜீப்பு பிரேக்கு புடிக்கலைன்னா டிரைவர மாத்துவாங்க. மிஷின மாத்த மாட்டாங்க.”

மண்டபத்து ஆபீஸ் அறையில் சிவசங்கர் இல்லை. அவருடைய அம்மா ஆயம்மாள், மாலை போட்ட சின்ன மகனின் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இசைவாணி எதையும் மறைக்கவில்லை.

“சுபாஷுக்காக வந்திருக்கோம்மா.”

“எம் புள்ளைய வெட்டுனவனுக்காவயா?”

“வெட்டுனது அவன்தான்னு தெரிஞ்சிட்டா நானே உங்ககிட்ட வந்து சொல்லிட்டுப் போயிடறேன். மாடியில மிஷின ஒரு தடவ பாக்க வுடுங்க. அறுத்துட்டாங்கன்னா அப்புறம் எதையும் பாக்க முடியாது.”

ஆயம்மாள் அவள் புருவத்து ரத்தத்தையே பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மாடியில் வெயில் கொளுத்தியது. ஒரு மினி வேன் அளவுக்கு நின்றது மிஷின். அதன் பக்கவாட்டில் கூரை போல ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கிழிந்த கம்பி வலை. தரையில், ஜெயப்பிரகாஷ் விழுந்த இடத்தில், எவ்வளவு தேய்த்தும் போகாத ஒரு கறுப்பு.

போலீஸுக்குப் போகும் முன் பாலிடெக்னிக்கில் ஏ.சி. டிப்ளமோ முடித்தவள் இசைவாணி. மிஷினின் மூக்கைத் தட்டிக் காட்டினாள். “மண்டபத்துக் காத்தையே திருப்பித் திருப்பிக் குளுமை பண்ணா ஜனங்களுக்கு மூச்சு முட்டும். அதனால வெளிக்காத்து கொஞ்சம் இது வழியா உள்ள போவணும். எவ்ளோ போவணும்னு அளக்கறதுதான் டேம்பர். ஜன்னல் பலகை மாதிரி தகடுங்க. ஒரு சின்ன மோட்டார் அத திருப்பும். இப்ப அது தொறந்தபடி மாட்டிக்கினு, வெயில் காத்து பூரா உள்ள போவுது. சுவிட்சப் போடுங்க.”

சடையன் மெயின் சுவிட்சை ஏற்றினான். மிஷின் உறுமத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை.

இசைவாணி மூலையில் இருந்த சின்ன மோட்டாரில் கை வைத்துப் பார்த்தாள். அது திரும்பியது. அதிலிருந்து தகடுகளுக்குப் போகும் கம்பி மட்டும் அசையவில்லை. கவ்விப் பிடிக்கும் கிளாம்பு வழுக்கியிருந்தது. ஸ்பேனரால் இறுக்கினாள். இப்போது மோட்டார் முக்கியது, கம்பி நடுங்கியது, தகடுகள் அரை வாய் திறந்தபடி அப்படியே நின்றன.

“மோட்டார் நல்லாருக்கு. கம்பியும் நல்லாருக்கு. உள்ள என்னவோ குறுக்க இருக்கு. சுவிட்ச எறக்கிட்டு இந்தக் கதவக் கழட்டுங்க.”

“காக்கா கூடா இருக்கும். எலும்பு கிலும்பு கொண்டாந்து வெச்சிருக்கும்” என்றபடி சடையன் ஒற்றைத் தோளால் முக்கி பக்கக் கதவைக் கழற்றினான். டார்ச் அடித்தான்.

இரண்டு தகடுகளுக்கு நடுவே, கைப்பிடி உள்பக்கம் சரிந்து, ஒரு கொடுவாள் கடிபட்டிருந்தது. இளநீர் சீவுகிற கொடுவாள். அலகு முழுக்கக் காய்ந்த ரத்தம்.

இசைவாணி கைக்குட்டை சுற்றி அதை மெல்ல அசைத்து எடுத்தாள். தகட்டின் ரப்பர் விளிம்பு அழுந்திய கோடு, அலகில் இருந்த ரத்தத்தின் மேல் நேராகப் பதிந்திருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்து அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

சடையன் தலையில் கை வைத்துக்கொண்டான். “போச்சு. இந்த மிஷின பாத்துக்கினு இருந்தவனே சுபாஷ்தான். எங்க மறைச்சா தெரியாதுன்னு அவனத் தவிர யாருக்குத் தெரியும்? நாம அவனக் காப்பாத்த வந்து, கயித்த நாமளே எடுத்துக் குடுக்கறோம்.”

“சுவிட்சப் போடுங்கண்ணே.”

தடை நீங்கிய தகடுகள் இந்த முறை மோட்டாரின் இழுப்புக்குச் சுலபமாகத் திறந்தன. அவள் அதைக் கண் எடுக்காமல் பார்த்தாள். பிறகு கொடுவாளைக் கீழே ஒரு துணி மேல் வைத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் செழியனுக்கு ஃபோன் செய்தாள். சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டியிருந்தது. “ஆயுதம் கிடைச்சிடுச்சி சார். நிச்சயதார்த்த வீடியோவையும் எடுத்துக்கினு வாங்க.”

போலீஸுக்காகக் காத்திருந்த இருவருக்கும் அந்த இரைச்சலில் படியில் வந்த காலடி கேட்கவில்லை.

சடையன் திரும்பியபோது கத்தி அவன் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது. மணிக்கட்டில் துண்டு கட்டியிருந்த அதே ஸ்கூட்டர்காரன். சடையன் கையைக் குறுக்கே கொடுத்தான். முழங்கைக்குக் கீழே சதை கிழிந்து ரத்தம் பீச்சியது. வலி வருவதற்குள் அவன் தன் தலையால் எதிரியின் மூக்கில் இடித்தான். மூக்கு நசுங்கியது. இருவரும் கட்டிப் புரண்டு தரையில் விழுந்தார்கள். ஸ்கூட்டர்காரன் சடையனின் அடிபட்ட தோளைத் தேடித் தேடிக் குத்தினான். சடையன் அவனுடைய முறிந்த மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். அவன் கண்கள் செருகி, கத்தி நழுவி, அப்படியே மயங்கிப் போனான்.

சடையன் எழுந்து பார்த்தபோது, தன் அடியாளோடு மாடி ஏறி வந்திருந்த சிவசங்கர் கொடுவாளை எடுத்துவிட்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் விபூதி. இசைவாணி மிஷினில் முதுகு சாய நின்றாள். அவளுக்குப் போவதற்கு இடமில்லை.

முதல் வெட்டுக்குக் குனிந்தாள். கொடுவாள் தகரத்தில் பட்டுத் தீப்பொறி பறந்தது. இரண்டாவது வெட்டு அவள் சுடிதார் தோளைக் கிழித்துச் சதையில் இறங்கியது. மூன்றாவதற்கு அவர் ஓங்கினார். அவள் காலடியில் சாய்த்து வைத்திருந்த மிஷின் கதவை இரண்டு கையாலும் தூக்கி அவர் முகத்தில் அறைந்தாள். சிவசங்கர் தடுமாறிப் பக்கவாட்டில் சாய்ந்தார். தோளில் இருந்த துண்டின் நுனி திறந்திருந்த மிஷினுக்குள் பறந்து, ஓடிக்கொண்டிருந்த விசிறி பெல்ட்டில் சிக்கியது.

ஒரே இழுப்பு. துண்டு அவர் கழுத்தைச் சுற்றி இறுகி, தலை போய்த் தகரத்தில் மோதியது. கண்கள் பிதுங்கின. கொடுவாள் கைநழுவி விழுந்தது. இரண்டு கைகளும் காற்றைப் பிராண்டின. பெல்ட் கருகும் நாற்றம் வந்தது.

விட்டுவிடலாம் என்று ஒரு கணம் சடையனுக்குத் தோன்றியது. செவ்வந்தியின் முகம் வந்து போனது. இசைவாணி விடவில்லை. ரத்தம் சொட்டும் தோளோடு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

உறுமல் அடங்கியது. துண்டு தளர்ந்து, சிவசங்கர் தரையில் சரிந்து இருமினார். அந்த அமைதியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. யாரும் தொடாமலே தகடுகள் மடிந்து மடிந்து வந்து, விளிம்போடு விளிம்பு ஒட்டி, ‘டக்’ என்று மூடிக்கொண்டன.

படியில் இன்ஸ்பெக்டர் செழியனும் இரண்டு போலீஸ்காரர்களும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆயம்மாள்.

சிவசங்கர்தான் முதலில் பேசினார். குரல் கரகரத்தது. “என் தம்பிய வெட்டுன கொடுவாளப் பாத்தேன். ஆத்திரம் தாங்கல. தப்புதான். கையில புடிச்சிட்டேன். என் கைரேகையும் அதுல இருக்கும்.”

“அதுக்குத்தான புடிச்சீங்க” என்றாள் இசைவாணி. துப்பட்டாவைத் தோளில் அழுத்திக்கொண்டாள். “சார், இப்ப அந்தத் தகடு மூடுனதப் பாத்தீங்களா?”

“பாத்தேன். அதனால இன்னா?”

“அதுக்குள்ள ஸ்பிரிங் இருக்குது. கரண்ட் இருந்தா மோட்டார் தொறக்கும். கரண்ட் போச்சுன்னா ஸ்பிரிங் மூடிடும். இப்ப அந்த மூக்கு வழியா கைய விட்டு, கொடுவாள உள்ள தள்ளப் பாருங்க.”

செழியன் வலையைத் தூக்கிக் கையை விட்டார். முழங்கை வரைதான் போனது. விரலால் நெம்பினார். தகடு அசையவில்லை. “ஜெனரேட்டர்?”

“அது லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான். இந்த மிஷினை அதால இழுக்க முடியாது. கரண்ட் திரும்பி வந்தப்ப உங்க ஆளுங்க இங்க நின்னு, இந்த சுவிட்ச எறக்கி சீல் வெச்சாங்க. நாலு நாள் முன்னாடிதான் சீல எடுத்தீங்க. இந்தக் கோட்டப் பாருங்க. ரத்தம் ஈரமா இருக்கறப்பவே தகடு அது மேல வந்து கடிச்சிருக்குது. அப்பன்னா கொடுவா உள்ள போனது மிஷின் ஓடறப்ப. கரண்ட் போவறதுக்கு முன்னாடி.”

செழியன் தன் ஃபோனை எடுத்து வீடியோவை ஓடவிட்டார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அதில் ஜெயப்பிரகாஷ் மாடிப்படிப் பக்கம் போனதிலிருந்தே மேடைக்கு மேலே ஏணியில் நின்று சுபாஷ் சீரியல் பல்பை மாட்டிக்கொண்டிருந்தான். மேளம், சிரிப்பு, தாம்பூலத் தட்டுகள். அந்த ஏணியிலிருந்து அவன் இறங்குவதற்குள் படம் இருண்டது. சிவசங்கர் மேடைக்கு வந்தது அதற்குக் கொஞ்சம் முன்புதான்.

“கரண்ட் போனப்ப ஜெயப்பிரகாஷ் ஏற்கெனவே செத்துக் கெடந்தாரு” என்றாள் இசைவாணி. “செத்தவரோட குரல் இவருக்கு மட்டும் எப்படி சார் கேட்டுச்சி?”

சிவசங்கர் கழுத்தைத் தடவிக்கொண்டார். “மேளச் சத்தம். ஆரவாரம். வேற யாரோட குரலயாவது தம்பின்னு நெனச்சிருப்பேன். அதுக்காக நான் வெட்டுனேன்னு ஆயிடுமா? கோர்ட்டுல சொல்லுங்க, ஒரு தகரம் சாட்சி சொல்லுதுன்னு.”

செழியன் உதட்டைக் கடித்தார். சிவசங்கர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பது சடையனுக்கே புரிந்தது. கை வலி இப்போதுதான் முழுசாக ஏறியது.

ஆயம்மாள் சுவரை விட்டு நகர்ந்து வந்தார்.

“கரண்ட் போவறதுக்கு முன்னாடின்னா சொல்றீங்க?”

“ஆமாம்மா.”

அவர் பெரிய மகனின் முன்னால் போய் நின்றார். “கரண்ட் இருக்கறப்பதான நீ என் ரூமுக்கு வந்த? வேட்டி மாத்தணும்னு வந்த. முன்னாடி பூரா செவப்பா இருந்திச்சி. இன்னாடா இதுன்னு கேட்டேன். ஆரத்தித் தட்டு கொட்டிடுச்சின்னு சொன்ன.”

“யம்மா, நீ சும்மா இரு.”

“அவன் செத்தது இருட்டுலன்னு எல்லாரும் சொன்னாங்க. நீயும் சொன்ன. அதனால அந்த வேட்டிய நான் நெனச்சிக்கூடப் பாக்கல.” அவருடைய குரல் உயரவில்லை. “நானே சோப்பு போட்டு அலசுனேன். புது வேட்டியாச்சே, கறை தங்கிடப் போவுதுன்னு கசக்கிக் கசக்கி அலசுனேன். எம் புள்ள ரத்தத்த நானே என் கையால அலசி ஊத்திட்டேன்.”

சிவசங்கர் வாயைத் திறந்தார். வார்த்தை வருவதற்குள் அம்மாவின் கை அவர் வாயில் விழுந்தது. இன்னொரு அறை. இன்னொன்று. போலீஸ்காரர் தடுக்க முன்னால் வர, செழியன் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

“மலையில எவளையோ கட்டிக்கினான். வவுத்துல புள்ளையாம். கீழ சம்பந்தி வூட்டு ஜனம் உக்காந்துக்கினு இருக்குது. சிரிச்சிக்கினே சொல்றாம்மா” என்றார் சிவசங்கர். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. “இளநீர் குலை பக்கத்துல கொடுவா கெடந்துச்சி. நான் எடுக்கணும்னு எடுக்கல.”

“எத்தன வெட்டு வெட்டுன?”

ஆயம்மாள் மகனின் முகத்திலிருந்து பார்வையை எடுத்து, தரையில் இருந்த கறுப்பைப் பார்த்தார்.

“அந்த வேட்டி எங்கம்மா?” என்று செழியன் மெதுவாகக் கேட்டார்.

“பொட்டியில இருக்குது. கரை ஓரத்துல கொஞ்சம் போவாம நின்னுடுச்சி. எடுத்துத் தரேன்.”

விலங்கு மாட்டினார்கள். கீழே இரும்புக் கடை ஆட்களும், சத்தம் கேட்டு வந்த அக்கம்பக்கத்தாரும் கூடிவிட்டிருந்தார்கள். செழியன் தயங்கினார். “பின்பக்கப் படி வழியா எறக்கிடட்டுமாம்மா?”

“வேணாம்” என்றார் ஆயம்மாள். “சுபாஷ எந்த வழியா அடிச்சி இழுத்துக்கினு போனாங்களோ, அந்த வழியாவே இட்டுக்கினு போங்க.”